கிளிப்ரெக் மலையும் அதன் சுற்றுப்புறமும்



தேசப்படத்தில் பிரிட்டன் தீவின் வடகோடியைப் பாருங்கள். ஸ்காட்லாந்தின் அப்பகுதிக்குச் சதர்லாந்து என்று பெயர். அங்கே தனித்து நிற்பது பென் கிளிப்ரெக் மலை. ‘பென்’ என்றால் அவ்வட்டாரத்துக் கேலிக் மொழியில் மலை என்று பொருள். அதன் உயரம் 962 மீட்டர்.

மலைக்கு வடக்கே நேவர் ஏரி. ஏரியிலிருந்து புறப்படும் நேவர் ஆறு வடக்குக் கரையில் கடலில் கலக்கிறது. ஏரியின் மேற்கு முனையில் அல்ட்னஹாரா என்ற சிற்றூர் இருக்கிறது. 1995 டிசம்பர் 30-ஆம் நாள் அங்கே குளிர் உறைநிலைக்கும் கீழே 27.2 டிகிரிக்கு இறங்கியது.

சுற்றிலும் பெரும்பாலும் மரமற்ற ஈரநிலம். நீர் தேங்குவதால் செத்த பாசி முழுதும் மக்காமல் கறுத்த மண்ணாகப் படிகிறது. நம் நாட்டில் செம்பனை நட்ட காம்புட் மண்ணும் இவ்வினமே. அங்கு அது ஒரு மீட்டர் சேர ஏறத்தாழ 1,000 ஆண்டு ஆகும். மக்கள் அதை வெட்டி உலர்த்தி அடுப்பெரித்தார்கள். இம்மண் பரந்து கிடக்கும் புளோ கன்ட்ரி, 2024-இல் உலக மரபுச் சின்னமாயிற்று.

இன்று அந்த ஆற்றோரம் வெறிச்சோடிக் கிடக்கிறது. குளிர்தான் காரணமென நினைத்துவிடாதீர்கள். அங்கே ஊர்கள் இருந்தன. மக்கள் ஓட்ஸும் பார்லியும் விதைத்தார்கள். கோடையில் மாடுகளை மேட்டுப் புல்வெளிக்கு ஓட்டினார்கள். நிலமோ சதர்லாந்துப் பிரபுக் குடும்பத்துக்குச் சொந்தம். அதையும் எஸ்டேட் என்றே அழைத்தார்கள்.

குடியானவர் தரும் வாடகையைவிட ஆட்டுப் பண்ணையில் வருமானம் அதிகம் என்று நிர்வாகம் கணக்கிட்டது. 1814-இலும் 1819-இலும் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. திரும்பி வந்து குடியேறாதபடி கூரை மரங்களைக் கொளுத்தினார்கள். மரமே அரிதான நாட்டில் கூரை மரம் ஒரு குடும்பத்தின் சொத்து அல்லவா? நிர்வாகியான பேட்ரிக் செல்லர் மீது 1816-இல் இன்வர்னஸ் நகரில் வழக்கு நடந்தது, அவர் விடுதலையானார். அந்த ஆட்டுப் பண்ணையைக் குத்தகைக்கு எடுத்தவரும் அவரேதான்.

உழவர்களுக்குக் கடற்கரையில் துண்டு நிலம் கிடைத்தது. கடலறியாதவர்கள் மீன்பிடிக்கப் பழகினார்கள். சிலர் கனடாவுக்குக் கப்பலேறினார்கள். ஏரியின் வடகரையில் குரும்மோர் என்ற ஊரின் சுவர்க்கற்களை இன்றும் காணலாம்.

ரோசல் என்ற ஊரில் பிறந்த கொத்தனார் டொனால்ட் மெக்லியாட், தாம் கண்டதைப் பின்னாளில் பத்திரிகைக் கடிதங்களாக எழுதினார். குடியிழந்தவர் பக்கத்துச் செய்தி அதனால் நமக்குக் கிடைத்தது.

மாணவர்களே, தோட்டம் விட்டுத் தோட்டம் மாறிய பெரியவர்கள் உங்கள் வீட்டிலும் இருப்பார்கள். அவர்கள் வாழ்ந்த தோட்டத்தின் பெயர், லயம், ஆண்டு ஆகியவற்றைக் கேட்டு ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்.