உழைத்த ஆண்டுகளை இழக்கலாமா?
(காவேரிப்பாக்கம் மகளிர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



உங்களில் பலர் ராணிப்பேட்டை, மேல்விஷாரம் ஷூ கம்பெனிகளில் உழைத்தவர்கள். பிள்ளை பிறந்ததும் நின்றீர்கள். பிள்ளை பள்ளிக்குப் போனதும் வேறு கம்பெனியில் சேர்ந்தீர்கள். இடைப்பட்ட ஆண்டுகளுக்குப் பென்ஷன் கணக்கில் இடமில்லை. ஜெர்மனியில் 1992 முதல் பிறந்த ஒவ்வொரு பிள்ளைக்கும், வளர்த்த தாய்க்கு 3 ஆண்டுகள் சேர்க்கிறார்கள். நாமும் கேட்போம்! அதுவரை, உழைத்த ஆண்டுகளையாவது காப்பாற்ற வேண்டாமா?

1995 நவம்பர் 16இல் வந்த தொழிலாளர் ஓய்வூதியத் திட்டப்படி, 10 ஆண்டு சேவைக்கு 58 வயதில் பென்ஷன் உண்டு. சேவை தொடர்ச்சியாக இருக்க வேண்டியதில்லை. முன்பு 6, பின்பு 5 என்றாலும் கூட்டலாம். ஆனால் நின்றபோது 10சி படிவம் கொடுத்துப் பென்ஷன் பணத்தை எடுத்துவிட்டால் அந்த 6 போயிற்று! நகையை மீட்க எடுத்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? அதே படிவத்தில் 'ஸ்கீம் சர்டிபிகேட்' கேட்டால் சேவை நிற்கும். இனி நிற்கப்போகும் பெண்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

எடுக்காதவர்கள் பழைய பி.எஃப். எண்ணைத் தேடி, இன்றைய யு.ஏ.என். எண்ணோடு இணையுங்கள். கம்பெனி ஏட்டில் 'ஷாஹிதா', ஆதாரில் 'ஷாஹிதா பேகம்' என்றிருந்தால் முதலில் அதைத் திருத்த வேண்டும். சம்பளச் சீட்டுகளோடு ஜமாஅத் அலுவலகத்துக்கு வாருங்கள், வேலூர் பி.எஃப். அலுவலகத்துக்கான மனுவை நம் இளைஞர்கள் எழுதித் தருவார்கள், இன்ஷா அல்லாஹ்.