ஏறும் கோட்டை நம்பலாமா? நுழைவுச்சீட்டு விலை வரைபடங்களை வகுப்பறையில் வாசித்தல்

(சூலூர் ஒன்றிய ஆசிரியர்களுக்கான குறுவள மையக் கூட்டத்தில் கணித ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



புள்ளியியல் பாடம் நமக்குச் சுலபமான பாடம். தொடக்க வகுப்பில் ‘தகவல் செயலாக்கம்’ என்று ஆரம்பித்து, பட்டை விளக்கப்படம், வட்ட விளக்கப்படம், கூட்டுச்சராசரி, இடைநிலை அளவு, முகடு என்று கொண்டுபோய்விடுகிறோம். மாணவர்களும் மதிப்பெண் எடுத்துவிடுகிறார்கள். ஆனால் வீட்டுப் பணத்தைத் தொடும் ஒரு வரைபடத்தை அவர்களால் வாசிக்க முடிகிறதா? என்னாலேயே ஒருமுறை முடியவில்லை. அதைச் சொல்லித்தான் இந்த உரையைத் தொடங்க வேண்டும்.

பதினொன்றாம் வகுப்பு மாணவன் ஒருவன் கைபேசியில் ஒரு படம் காட்டினான். சென்னையில் நடக்கவிருந்த கிரிக்கெட் போட்டிக்கான சீட்டுகளின் மறுவிற்பனை விலை வரைபடம். நான்கு நாட்களாகக் கோடு செங்குத்தாக ஏறிக்கொண்டிருந்தது. “அண்ணன் வாங்கச் சொல்றாருங்க டீச்சர். இன்னிக்கே வாங்கிறலாங்களா?” என்று கேட்டான். அண்ணன் விசைத்தறிக் கூடத்தில் வேலை பார்ப்பவர். நான் படத்தைப் பார்த்துவிட்டு, “ஏறிக்கிட்டேதானே போகுது, தள்ளிப்போட்டா இன்னும் ஏறும்” என்றேன். சீட்டில் அச்சடித்த விலையைப்போல இரண்டு மடங்குக்கு மேல் கொடுத்து இரண்டு சீட்டு வாங்கினார்கள். போட்டியன்று மைதானத்தின் வெளியே அச்சடித்த விலைக்கே சீட்டு தருவதாகச் சிலர் கேட்டுக்கொண்டு நின்றார்களாம். அவன் என்னிடம் குறை சொல்லவில்லை. எனக்குத்தான் உறுத்தியது. அந்தப் படத்தை மறுபடி வாங்கிப் பார்த்தேன். நான் கவனிக்காத விஷயங்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. அவற்றைத்தான் இன்று ஐந்து கேள்விகளாக உங்கள்முன் வைக்கிறேன்.

முதல் கேள்வி: இது சொல்லும் விலையா, முடிந்த விலையா?

நம் பக்கத்து மாட்டுச் சந்தைகளில் துண்டுக்குள் கைவிட்டு விரல் பிடித்து விலை பேசுவதைப் பார்த்திருப்பீர்கள். வெளியே நிற்பவர் காதில் விழுவது சொல்லும் விலை மட்டும்தான். முடிந்த விலை துண்டுக்குள் இருக்கிறது. மறுவிற்பனைத் தளங்களும் பெரும்பாலும் அப்படித்தான். 2025 ஜனவரியில் நவி மும்பையில் நடந்த கோல்ட்பிளே இசை நிகழ்ச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். சீட்டு விற்பனை 2024 செப்டம்பர் 22 அன்று தொடங்கியது. அச்சடித்த விலை ரூ.2,500 முதல் ரூ.35,000 வரை. சிறிது நேரத்தில் மறுவிற்பனைத் தளங்களில் லட்சக்கணக்கில் விலை குறிக்கப்பட்டதாகச் செய்திகள் வந்தன. அந்த அக்டோபரில் கள்ளச்சந்தைப் புகார்கள் தொடர்பாக அமலாக்கத் துறை சில நகரங்களில் சோதனையும் நடத்தியது. ஆனால் லட்ச ரூபாய் என்று ஒருவர் எழுதிவைத்தார் என்பது ஒன்று, அந்த விலைக்கு இன்னொருவர் வாங்கினார் என்பது வேறு. வரைபடம் இதில் எதைக் காட்டுகிறது என்பதை முதலில் கேட்க வேண்டும்.

இரண்டாவது கேள்வி: எந்தச் சராசரி?

ஐந்து சீட்டுகள் விற்பனைக்கு இருப்பதாக வைத்துக்கொள்வோம். விலைகள் 2,000, 2,500, 3,000, 3,500, 14,000 ரூபாய். கூட்டுச்சராசரி 5,000. இடைநிலை அளவு 3,000. ஐந்தில் நான்கு சீட்டு, சராசரியைவிட மலிவு! ஒரே ஒருவரின் ஆசை சராசரியைத் தூக்கிவிட்டது.

இப்போது மலிவான மூன்று சீட்டுகள் விற்றுப்போகட்டும். மீதி இரண்டு: 3,500, 14,000. சராசரி 8,750. வரைபடத்தில் கோடு 5,000-இலிருந்து 8,750-க்குத் தாவும். யார் விலையை ஏற்றினார்கள்? ஒருவரும் இல்லை. மலிவானவை போய்விட்டன, அவ்வளவுதான். பட்டியலில் நின்றுபோன சீட்டைத்தான் கோடு காட்டுகிறது. இடைநிலை அளவும் இங்கே கைகொடுக்காது. அதுவும் 8,750 ஆகிவிடும். நான் ஏமாந்த படத்தின் அடியில் சிறிய எழுத்தில் ‘பட்டியலில் உள்ள சீட்டுகளின் சராசரி விலை’ என்றுதான் இருந்தது. நான் அதைப் படிக்கவே இல்லை.

மூன்றாவது கேள்வி: அச்சு எங்கே தொடங்குகிறது?

அந்தப் படத்தின் y அச்சு பூச்சியத்தில் தொடங்கவில்லை. 5,000-இல் தொடங்கி 6,000-இல் முடிந்தது. விலை 5,200-இலிருந்து 5,800 ஆனது. உயர்வு 12 சதவீதத்துக்கும் குறைவு. படத்தில் மலை ஏறுவதுபோல இருந்தது. விலைக் கோட்டுப்படத்தின் அச்சு பூச்சியத்தில்தான் தொடங்க வேண்டும் என்று கட்டாயமில்லை. ஆனால் எண்களைப் படிக்காமல் சரிவை மட்டும் பார்க்கக்கூடாது என்பது கட்டாயம்.

நான்காவது கேள்வி: ‘90 சதவீதம் விற்றுவிட்டது’ என்றால், எதில் 90?

மைதானத்தின் மொத்த இருக்கைகளிலா, இன்று திறந்துவிட்ட பகுதியிலா? வகுக்கும் எண் தெரியாத சதவீதம் பயமுறுத்த மட்டுமே உதவும். கோல்ட்பிளேக்கு முதலில் ஜனவரி 18, 19 என இரண்டு நாட்கள்தான் அறிவித்தார்கள். பிறகு 21-ஆம் தேதி சேர்ந்தது. நவம்பரில் அகமதாபாத் நிகழ்ச்சிகளும் அறிவிக்கப்பட்டன. இருப்புக் கோடு தரையைத் தொட்டபின் மறுபடி மேலே வரும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

இன்னொன்றும் உண்டு. சீட்டு இருப்பது வேறு, இடம் இருப்பது வேறு. 2023 செப்டம்பர் 10 அன்று சென்னை அருகே பனையூரில் நடந்த ஏ.ஆர்.ரகுமான் இசை நிகழ்ச்சியில், கையில் சீட்டு வைத்திருந்த பலர் நெரிசலால் உள்ளே போக முடியாமல் திரும்பினார்கள். எந்த வரைபடமும் அதை முன்கூட்டிக் காட்டியிருக்காது.

ஐந்தாவது கேள்வி: படம் எந்த நாளில் நின்றுவிட்டது?

அந்தப் படத்தில் இருந்தவை நான்கு நாட்கள். போட்டிக்கு இன்னும் ஒன்பது நாட்கள் இருந்தன. சீட்டு என்பது தக்காளி மாதிரி. ஆட்டம் முடிந்தால் அதன் விலை பூச்சியம். கையில் தேங்கியிருப்பவர் கடைசி நேரத்தில் இறங்கிவந்தே ஆக வேண்டும். அதற்காக எல்லாச் சீட்டும் கடைசியில் மலியும் என்று சொல்லிவிடக்கூடாது. விற்பவர் குறைவாகவும் கேட்பவர் அதிகமாகவும் இருந்தால் கடைசிவரை ஏறலாம். பொருளியல் பாடத்தில் நாம் நடத்தும் தேவையும் அளிப்பும் இதுதான். இதுவரை போன கோடு இனிப் போகும் திசைக்கு உத்தரவாதம் இல்லை என்பதே பாடம்.

வகுப்பில் இதை எப்படிச் செய்வது? தொடக்க வகுப்பில் ரூபாய் எழுதிய ஐந்து அட்டைகள் போதும். மலிவான அட்டைகளை எடுத்துவிட்டு மீதிக்குப் பட்டைப் படம் வரையச் சொல்லுங்கள். “யாராவது விலையை ஏத்துனாங்களா?” என்று கேளுங்கள். நடுநிலை வகுப்பில் உழவர் சந்தை விலைப்பலகையை ஒரு வாரம் குறித்துவரச் சொல்லி, அதே தகவலைப் பூச்சியத்தில் தொடங்கும் அச்சிலும் இடையில் தொடங்கும் அச்சிலும் வரையவைக்கலாம்.

உயர்நிலை வகுப்புக்கு ரயில் கட்டணம் அருமையான கணக்கு. 2016 செப்டம்பர் 9 முதல் ராஜதானி, சதாப்தி, துரந்தோ ரயில்களில் நெகிழ்வுக் கட்டணம் வந்தது. ஒவ்வொரு 10 சதவீத இடம் விற்றதும் அடிப்படைக் கட்டணம் 10 சதவீதம் கூடும். தொடக்கத்தில் பெரும்பாலான வகுப்புகளுக்கு ஒன்றரை மடங்கு உச்சமாக இருந்தது. x அச்சில் விற்ற இடங்களின் சதவீதம், y அச்சில் கட்டணம் என்று வரைந்தால் படிக்கட்டு வரும். அந்தத் தொடக்க விதிப்படி, பாதி இடம் விற்றதும் மேலே சமதளமாகிவிடும். பக்கத்திலேயே திரையரங்குக் கட்டணத்துக்கு நம் மாநில அரசு வைக்கும் உச்சவரம்பை ஒரு கிடைக்கோடாக வரையலாம். விதி தெரிந்த வரைபடத்துக்கும் விதி தெரியாத வரைபடத்துக்கும் உள்ள வேறுபாட்டை மாணவர்களே சொல்லிவிடுவார்கள்.

இறுதியாக ஒன்று. ‘இன்னும் இரண்டே சீட்டு’ என்று ஒரு படத்தை அனுப்பி, முன்பின் தெரியாதவர் பணம் கேட்டால் அனுப்பக்கூடாது. அனுப்பி ஏமாந்துவிட்டால் உடனே 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். இதையும் அந்தப் பாடவேளையிலேயே சொல்லிவிடுங்கள்.

அந்த மாணவனின் வகுப்பில் அடுத்த வாரமே என் தவற்றைச் சொல்லி, அதே படத்தைக் கரும்பலகையில் வரைந்தேன். “டீச்சர், அச்சு அஞ்சாயிரத்துல ஆரம்பிக்குதுங்க” என்று முதலில் எழுந்து சொன்னவன் அவன்தான்.