உலக சர்க்கார் வந்தால் ஓட்டு யாருக்கு?

(ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் படிப்பு வட்டத்தில் நிகழ்த்திய உரை)



சென்ற வகுப்பில் ஸ்பின்னிங்கில் வேலை செய்யும் தோழர் ஒருவர் கேட்டார்: "நாட்டுக்கு நாடு தனித்தனி சர்க்கார் இருப்பதால்தானே யுத்தம் வருகிறது? உலகம் பூராவுக்கும் ஒரே சர்க்கார் வந்தால் பட்டாளமும் வேண்டாம், அணுகுண்டும் வேண்டாம். தொழிலாளிகள் எல்லாம் ஒரே வர்க்கம் என்கிற நாம் இதை ஏன் ஆதரிக்கக் கூடாது?" உடனே பண்ணை வேலைத் தோழர் ஒருவர் எழுந்து, "உள்ளூர்ப் பஞ்சாயத்திலேயே மிராசுதார் சொன்னதுதான் தீர்ப்பு. உலகப் பஞ்சாயத்தில் நம்மைத் திண்ணையில் ஏற்றுவார்களா?" என்றார். எல்லோரும் சிரித்தோம். ஆனால் இரண்டுமே சிரித்துத் தள்ளுகிற கேள்விகள் அல்ல.

1947-லேயே இந்த வாதம் பகிரங்கமாக நடந்தது. ஹிரோஷிமாவும் நாகசாகியும் சாம்பலாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. விஞ்ஞானி ஐன்ஸ்டைன் ஐக்கிய நாடுகள் பொதுச் சபைக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். பாதுகாப்பு கவுன்சில் வீட்டோவினால் முடங்கிக் கிடக்கிறது. பொதுச் சபை அதற்கு மேலே இருக்க வேண்டும். அங்கே உட்காரும் பிரதிநிதிகளை சர்க்கார்கள் நியமிக்காமல் மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். இப்படித்தான் உலக சர்க்காருக்கு வழி பிறக்கும் என்றார்.

வவீலவ், ஃபிரும்கின், யோஃபே, செமியோனவ் என்ற நான்கு சோவியத் விஞ்ஞானிகள் அதற்குப் பதில் எழுதினார்கள். ஐன்ஸ்டைனை மதிக்கிறோம், ஆனால் அவர் வழி தவறுகிறார். ஏகபோக முதலாளிகளின் கையில் உலகம் இருக்கும்போது உலக சர்க்கார் என்பது அவர்களுடைய ஆதிக்கத்துக்குப் போடும் முகமூடிதான் என்பது அவர்கள் வாதம்.

ஐன்ஸ்டைன் முதலாளிகளின் ஆள் அல்ல. 1949-ல் சோஷலிசம் ஏன் வேண்டும் என்றே கட்டுரை எழுதியவர் அவர். 1948-ல் அந்த நால்வருக்கும் அவர் சொன்ன பதிலை நாம் மறைக்கக் கூடாது. ஒவ்வொரு நாடும் எல்லையில்லாத சுயாதிகாரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தால், யுத்தத்துக்குப் போகும் உரிமையையும் சேர்த்தே பிடித்துக்கொண்டிருக்கிறது என்றார். நால்வரின் கடிதத்தில் இதற்கு விடை இல்லை என்பது நம் அபிப்பிராயம். 1949-ல் சோவியத் யூனியனும் குண்டு வெடித்துப் பார்த்தது. 1991-ல் சோவியத் யூனியனே கலைந்துவிட்டது. குண்டு மட்டும் இன்று 9 நாடுகளிடம் இருக்கிறது.

அப்படியானால் நால்வர் பயந்தது வீண் பயமா? ஆலைத் தோழர்களுக்கு ஒரு பழைய கணக்கைச் சொல்கிறோம்.

1919-ல் வாஷிங்டனில் சர்வதேசத் தொழிலாளர் மாநாடு கூடியது. ஒரே சட்டத்தை உலகம் பூராவுக்கும் போடுகிற முயற்சிதான் அது. முதல் உடன்படிக்கையே வேலை நேரத்தைப் பற்றியது. தினம் 8 மணி, வாரம் 48 மணி. ஆனால் உள்ளே ஒரு தனி ஷரத்து: பிரிட்டிஷ் இந்தியாவில் வாரம் 60 மணி! ஜப்பானுக்கு 57. சீனா, பாரசீகம், சயாம் நாடுகளுக்கு ஒன்றுமே கிடையாது. வெள்ளைக்காரன் முதுகு 48 மணியில் வலிக்கும், நம் முதுகு 60 மணி தாங்கும் என்று கண்டுபிடித்தவர்கள் யாரோ! இதில் இன்னொரு வேடிக்கை, பிரிட்டன் தனக்கு இந்த உடன்படிக்கையை ஏற்கவே இல்லை.

நம் பக்கத்தில் பேச யார் போனார்கள்? என்.எம். ஜோஷி போனார். நல்லவர்தான், ஆனால் அவரை நியமித்தது சர்க்கார். பிரதிநிதியை நாமே தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற ஆத்திரமும் சேர்ந்துதான் 1920-ல் பம்பாயில் ஏ.ஐ.டி.யு.சி. பிறந்தது.

என்றாலும் அந்த மாநாட்டினால் பயனே இல்லை என்று சொன்னால் அது பொய். 1911 சட்டப்படி நெசவாலையில் ஆண்களுக்குத் தினம் 12 மணி வேலை. 1922-ல் அது 11 மணியாகி, வாரத்துக்கு 60-க்கு மேல் கூடாது என்று வந்தது. 48 மணியைக் காண சங்கமும் வேலைநிறுத்தமும் சிறையும் வேண்டியிருந்தது.

இன்றைக்கும் பாருங்கள். சர்வதேச நாணய நிதியத்தில் பணத்துக்குத் தக்கபடி ஓட்டு. முக்கியமான முடிவுக்கு 85 சதவீத ஓட்டு வேண்டும். அமெரிக்கா ஒன்றின் கையில் மட்டும் 16 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது. மீதி உலகம் பூராவும் சேர்ந்தாலும் எத்தனை வரும்? வீட்டில் போய்க் கழித்துப் பாருங்கள்.

ஆகவே ஸ்பின்னிங் தோழரின் ஆசையும் நியாயம், பண்ணைத் தோழரின் பயமும் நியாயம். உலக சர்க்கார் கூடாது என்று நாம் சொல்லவில்லை. பிரதிநிதியை யார் தேர்ந்தெடுக்கிறார்கள், ஓட்டு ஆளுக்கா பணத்துக்கா, போலீஸ் யார் கையில் என்று முதலில் கேட்கிறோம்.

அதுவரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டுமா? 2017-ல் அணு ஆயுதத்தைத் தடை செய்யும் ஒப்பந்தத்துக்கு ஐ.நா.வில் 122 நாடுகள் ஓட்டுப் போட்டன. குண்டு வைத்திருக்கும் நாடு ஒன்றுகூட அந்த மேஜைக்கு வரவில்லை. நம் இந்திய சர்க்காரும் போகவில்லை. ஏன் போகவில்லை என்று நம் தொகுதி எம்.பி.யைக் கேட்டு ஒரு மனு தயாராக இருக்கிறது. வாசலில் இருக்கும் தோழரிடம் அதைப் படித்துக் கேட்டுவிட்டு, சம்மதமானால் கையெழுத்துப் போடுங்கள்.