கருப்பட்டி ரொட்டி

ராதாபுரம் பக்கம் பனைக்குப் பஞ்சமில்லை. கள்ளுக்கும் பிரெட்டுக்கும் பழைய உறவு உண்டு. கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர். தடவாவிட்டால் காற்றிலுள்ள ஈஸ்ட் புகுந்து கள்ளாகிவிடும். கோவாவின் ரொட்டிக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக மாவைப் புளிக்கவைத்தது தென்னங்கள்ளை ஊற்றித்தான்.

நம்மூரில் கள்ளுக்குத் தடை. கடை ஈஸ்ட் போதும். ஆனால் மணத்துக்குக் கருப்பட்டி இருக்கிறதே! அரைக் கிலோ மாவுக்கு 100 கிராம் கருப்பட்டி. வெந்நீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிடுங்கள். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் ஈஸ்ட் செத்துப்போகும். கொஞ்சம் உப்பு, சுக்குப்பொடி, ஏலக்காய் சேர்த்துப் பத்து நிமிடம் இழுத்து இழுத்துப் பிசையுங்கள். இனிப்பு கூடினால் மாவு மெதுவாகத்தான் பொங்கும். கடிகாரத்தை நம்பாமல், மாவு இருமடங்காகும்வரை காத்திருங்கள். அடுப்பில் மேல்பக்கம் சீக்கிரம் கறுக்கும், பாதியில் மூடிவிடுங்கள்.

இயந்திரத்திலும் செய்யலாம். ஜப்பானின் மட்சுஷிட்டா நிறுவனம் 1987-இல் வீட்டு ரொட்டி இயந்திரத்தைக் கொண்டுவந்தது. அதை உருவாக்கும்போது முதலில் ரொட்டி சரியாக வரவில்லை. இகுகோ டனாகா என்ற பெண், ஒசாகா ஓட்டல் ஒன்றின் ரொட்டி மாஸ்டரிடம் வேலை பழகி, அவர் மாவை இழுத்து முறுக்குவதைக் கண்டுகொண்டார். அந்தக் கைப்பழக்கம்தான் இயந்திரத்துக்குள் போனது. என்றாலும் முதல் ரொட்டியைக் கையால் பிசைவதே நல்லது. மாவின் பதம் விரலுக்குத்தான் பிடிபடும்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். சீனி கலந்த கருப்பட்டி சந்தையில் நிறைய வருகிறது. பனையேறிக் காய்ச்சுகிறவர்களிடமே நேரில் வாங்குங்கள்.