மகட்கொடையும் மணிமுடியும்

(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

பத்தாண்டுக் காலம் இடையறாது தமிழ் வளர்த்த இவ்வட்டத்தில், அரசர்தம் மணவினையும் அரியணை உரிமையும் பற்றிச் சில கருத்துகளை முன்வைக்க விழைகிறேன்.

சுவீடன் நாட்டு நிறுவனமொன்று 2004இல் வெளியிட்ட 'குரூசேடர் கிங்ஸ்' என்னும் கணினி விளையாட்டை இன்றைய இளைஞர் பலர் அறிவர். இடைக்கால அரசகுலம் ஒன்றை ஏற்று நடத்துவதே ஆட்டம். வாளால் மட்டுமன்றி மணத்தாலும் அங்கே நாடு பிடிக்கலாம். மகளைக் கொடுத்தால் படைத்துணை கிட்டும். அவள் பெறும் பிள்ளை ஒருநாள் இரு நாட்டுக்கும் உரிமை கோரலாம். 2014இல் இந்திய அரசர்களும் அவ்விளையாட்டு வரிசையில் இடம்பெற்றனர். ஆனால் பொதுவிதி ஒன்றுண்டு: பிள்ளை தந்தையின் குலத்தையே சாரும். எனவே மகள் வயிற்றுப் பேரனிடம் முடி சென்றுவிட்டால், கொடுத்த குலம் தோற்றதாகவே கொள்ளப்படும்.

இவ்விதிக்குச் சோழர் வரலாறு அடங்குகிறதா என்று நோக்குவோம். முதலாம் இராசராசன் தன் மகள் குந்தவையை வேங்கிநாட்டுக் கீழைச் சாளுக்கிய இளவரசன் விமலாதித்தனுக்கு மணமுடித்தான். புதினங்களின் வழி நாம் நன்கறிந்த குந்தவை அவன் தமக்கை, இவள் மகள். இவள் வயிற்றில் பிறந்த இராசராச நரேந்திரன், தாய்மாமனாகிய முதலாம் இராசேந்திரனின் மகள் அம்மங்கையை மணந்தான். அவ்விருவரின் மகனும் தன் தாய்மாமன் இரண்டாம் இராசேந்திரனின் மகள் மதுராந்தகியை மணந்தான். அடுத்தடுத்து இரண்டு தலைமுறையில் முறைப்பெண் மணம்! நம் ஊர்க் கல்யாணப் பேச்சில் நாம் கேட்கும் அதே உறவுமுறைதான்.

நரேந்திரன் 1061இல் மறைந்தபின் வேங்கி அரியணையைச் சிற்றப்பன் விசயாதித்தன் கைப்பற்றினான். தந்தைவழி உரிமை மகனுக்குத் தடைப்பட்டது. சோழநாட்டிலோ வீரராசேந்திரன் மற்றொரு காயை நகர்த்தியிருந்தான். தன் மகளை மேலைச் சாளுக்கிய இளவரசன் ஆறாம் விக்கிரமாதித்தனுக்கு அளித்தான். 1070இல் அவன் இறந்தபோது, அம்மருமகனின் துணையோடு மகன் அதிராசேந்திரன் முடிசூடினான். அவ்வாட்சி நெடுநாள் நிலைக்கவில்லை. அவனும் மறைய, அவ்வாண்டிலேயே அம்மங்கையின் மகன் சோழ அரியணை ஏறினான். அவனே முதலாம் குலோத்துங்கன். அரை நூற்றாண்டு ஆண்ட அவனைச் சாளுக்கிய சோழன் என்று வரலாற்றாசிரியர் குறிப்பர். எனினும் அவன் ஆண்டது சோழனாகவே, அவன் மரபினர் விளங்கியதும் சோழராகவே. விளையாட்டின் விதிப்படி தோற்றிருக்க வேண்டிய குலம், மகள் வழியாக மேலும் இரு நூற்றாண்டு வாழ்ந்தது.

இங்கேதான் கவிஞர்களாகிய உங்கள்முன் ஒரு வினாவை வைக்கிறேன். இவ்வுண்மையை அக்காலப் புலமை எவ்வாறு பாடிற்று? சயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணி, குலோத்துங்கனின் பிறப்பை இரு குலத்தின் பேறாகப் போற்றுகிறது. அது ஒரு நேர்மை. அவன் மெய்க்கீர்த்தியோ, காவிரிநாட்டு நிலமகளின் தனிமையைத் தீர்த்தவன் என்று அவனைப் பாராட்டுகிறது. நிலத்தைப் பெண்ணாக்கி மன்னனுக்கு மணமுடித்துவைத்தது கவிதை. பெண்ணை நிலமாக்கி மன்னனுக்குக் கைமாற்றியது அரசியல். இரண்டும் ஒரே சிந்தையின் இரு முகங்கள் அல்லவா?

அதற்கு முந்தைய சங்கப் புலவர் மகட்பாற்காஞ்சி என்றொரு துறையே வகுத்திருந்தனர். வேந்தன் பெண் கேட்டு வருகிறான். தந்தையும் தமையன்மாரும் மறுக்கின்றனர். போர் மூளும், ஊர் அழியும் என்று புலவர் கலங்குகின்றனர். புறநானூற்றில் இத்துறைப் பாடல்கள் பல. வேந்தனின் வலிமைக்கு முன் 'கொடோம்' என்று நின்ற குடிகளை அவை பதிவுசெய்தன. ஆயினும் அங்கும் அந்தப் பெண் வாய்திறப்பதில்லை. அழகுண்டு, அழிவுண்டு, அவள் சொல் மட்டும் இல்லை.

இது பழங்கதை அன்று. நிலம் கைமாறக் கூடாதென்று உறவில் மணம் பேசுவது இக்கரிசல் மண்ணில் நாம் அறியாததா? கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனோடு ஒத்த உரிமையைத் தமிழ்நாடு 1989இலேயே சட்டமாக்கியது. அச்சட்டம் வருமுன் மணமானோர் விடுபட்டனர். 2005ஆம் ஆண்டின் மையச் சட்டத் திருத்தம் அவ்வேறுபாட்டையும் நீக்கியது. அவ்வுரிமை பிறப்பினால் வருவது, 2005இல் தந்தை உயிரோடிருந்திருக்க வேண்டுமென்பதில்லை என 2020இல் உச்சநீதிமன்றம் தெளிவாக்கியது. சட்டம் முழுமையாயிற்று. ஆனால் பதிவு அலுவலகத்தில் நடப்பதென்ன? "உனக்குத்தான் சீர் செய்தாயிற்றே" என்ற ஒரு சொல்லுக்கு, அண்ணன் தம்பி உறவு அறுந்துவிடுமோ என்னும் அச்சத்தில், விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்திடும் தங்கையர் எத்தனை பேர்! அப்பத்திரத்திற்கு 'விடுதலை' என்று பெயர் வாய்த்ததை எண்ணிப் பாருங்கள். யாருக்கு விடுதலை? எதிலிருந்து விடுதலை?

அம்மங்கை இல்லையேல் குலோத்துங்கன் இல்லை. அவள் வழியே முடி வந்ததை ஏற்ற நாடு, இன்று நம் வீட்டு மகள் வழியே ஓர் ஏக்கர் செல்வதை ஏற்கத் தயங்குகிறது. வேங்கிக்குப் பல்லக்கேறிய நாளில் குந்தவை என்ன நினைத்தாள், பத்திரத்தில் கையெழுத்திட்டுத் திரும்பும் பேருந்தில் ஒரு தங்கை என்ன நினைக்கிறாள் என்பதைப் பாடும் கவிதை இன்னும் நிறைய வரவேண்டும். மகட்பாற்காஞ்சியில் வாய்திறவாத அப்பெண்ணுக்கு ஒரு குரல் கொடுங்கள். அடுத்த பத்தாண்டில் இவ்வட்டம் ஆற்றும் அரும்பணியாக அது அமையட்டும்.