செஞ்சி: கல்லும் கதைப்பாட்டும்
(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில், தேனாம்பேட்டையில் ஆற்றிய உரை)



பத்தாம் ஆண்டு விழாவில் சாதனைகளைப் பட்டியலிடுவது வழக்கம். நான் ஒரு பிழையைச் சொல்ல அனுமதி கேட்கிறேன். நம் வட்டத்தின் மூன்றாம் ஆண்டில் ராஜா தேசிங்கைப் பற்றி நெடுங்கவிதை ஒன்றை இங்கே படித்தேன், மனமுவந்து கைதட்டினீர்கள். அன்று நான் செஞ்சியைப் பார்த்ததில்லை.

சென்ற மார்கழியில் நம்மில் எழுவர் திண்டிவனம் வழியாகச் செஞ்சிக்குச் சென்றோம். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளையும் மதில்கள் முக்கோணமாய் இணைக்கின்றன. அந்த முக்கோணத்துக்குள்தான் ஒரு காலத்தில் நகரம் இருந்தது. இன்றைய ஊர் மதிலுக்கு வெளியே கிழக்கில் இருக்கிறது. உள்ளே கல்யாண மகாலும், குதிரை லாயங்களும், நெற்களஞ்சியங்களும், வேங்கடரமணர் கோயிலும், 1717-18-இல் எழுந்த சாதத்துல்லா கான் மசூதியும் நிற்கின்றன. வீடுகள் மட்டும் இல்லை.

ராஜகிரி ஏறத்தாழ 800 அடி உயரம். உச்சியை அடையுமுன் பாறை பிளந்து ஒரு பள்ளம் குறுக்கிடுகிறது. அதன்மேல் ஒரு சிறு பாலம். பாலத்தை எடுத்துவிட்டால் மேலே இருப்பவரை எவரும் நெருங்க முடியாது. அங்கே மூச்சு வாங்க உட்கார்ந்தபோதுதான் என் கவிதையின் குறை எனக்கு விளங்கிற்று. அதில் வாள் இருந்தது, குதிரை இருந்தது. நெல் இல்லை, தண்ணீர் இல்லை.

1690 முதல் 1698 வரை முகலாயப் படை இக்கோட்டையை முற்றுகையிட்டது. உள்ளே இருந்தவர் சத்ரபதி சிவாஜியின் மகன் ராஜாராம்; கோட்டை விழுமுன் தப்பிச் சென்றார். எட்டாண்டுகள் வாளால் மட்டுமா தாங்கியிருக்க முடியும்? அடிவாரத்துக் களஞ்சியங்களையும், குளங்களையும், கிருஷ்ணகிரியின் எண்ணெய்க் கிணறுகளையும் பார்த்தவர்க்கு விடை தெரியும். அவற்றை வெட்டியவர், சுமந்தவர், நிரப்பியவர் எவர் பெயரும் என் கவிதையில் இல்லை. இக்கோட்டைக்கு முதலில் அடிகோலியவர்கள் என்று மரபு சொல்லும் கோனார்களையும் நான் நினைக்கவில்லை.

தேசிங்கு ஆண்டது சில மாதங்களே. 1714-இல், ஆர்க்காட்டு நவாபின் பெரும்படையைச் சில நூறு குதிரை வீரரோடு எதிர்த்து மாண்டபோது வயது இருபதைச் சற்றே கடந்திருந்தது. பிறப்பால் புந்தேலர், தமிழர் அல்லர். ஆயினும் தெருப்பாடகர்கள் அவரைத் தம் பிள்ளையாக்கிக் கொண்டார்கள். அவருக்காக உயிர் கொடுத்த இஸ்லாமிய நண்பரையும் அதே பாட்டில் வைத்தார்கள். வென்ற நவாபுக்கு அப்படியொரு பாட்டு வாய்க்கவில்லை.

கல்லின் கதை வேறு. வேங்கடரமணர் கோயில் தூண்களுள் சிலவற்றைப் பிரெஞ்சுக்காரர் புதுச்சேரிக்குப் பெயர்த்துச் சென்றனர். இன்று அவை கடற்கரையில் காந்தி சிலையைச் சூழ நிற்கின்றன. பாட்டைப் பெயர்க்க எந்த வண்டியும் வரவில்லை. 2025-இல் யுனெஸ்கோ, மராட்டியப் படைத்தளங்களாக உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த 12 கோட்டைகளுள் தமிழகத்துக் கோட்டை செஞ்சி ஒன்றே. மகிழ்ச்சிதான். ஆனால் அந்தப் பட்டியலுக்கு நெடுங்காலம் முன்பே செஞ்சியைக் காத்தது பெயர் தெரியாத பாடகனின் நாக்கு.

அவனும் ஒன்றை விட்டுவிட்டான்: மதிலுக்குள் வாழ்ந்த குடிகளை. அவனிடம் குறை காண எனக்கு உரிமையில்லை. நானும் அதையேதான் செய்தேன். ஆகவே அந்தக் கவிதையை இந்த மலரில் சேர்க்க வேண்டாம் என்று பதிப்பாசிரியரிடம் கேட்டுக்கொண்டேன். அதன் இடத்தில் இவ்வுரை நிற்கட்டும்.

அடுத்த பத்தாண்டில், மாண்ட மன்னனைப் பாடுமுன் அவன் களஞ்சியத்துக்கு நெல் சுமந்தவளைத் தேடுவோம். அவளைப் பற்றிக் கல்வெட்டு கிடைக்காமல் போகலாம். ஆனால் அவள் மிதித்துத் தேய்ந்த படிகளில் நாம் ஏறியிருக்கிறோம். அதற்குமேல் கவிஞனுக்கு என்ன சான்று வேண்டும்?