இடைவிடா ஓட்டமும் இடைவெளி ஓட்டமும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

இயலும் இசையும் நாடகமும் அணிசெய்யும் இம்மேடையில் ஓட்டத்தைப் பற்றியும் ஒரு பேச்சா என்று சிலர் வியக்கக்கூடும். நம் சங்க விளையாட்டு விழாவில் மூண்ட வழக்கு ஒன்று இன்னும் தீராமல் இருப்பதே இப்பேச்சுக்குக் காரணம். நாள்தோறும் முக்கால் மணி நேரம் ஒரே சீராக ஓடுவதுதான் உடம்புக்கு உரம் என்பது பெரியவர்கள் கட்சி. சிறிது நேரம் விரைந்து ஓடி, சிறிது ஓய்ந்து, மீண்டும் விரைந்து ஓடினால் பாதிப் பொழுதில் இருமடங்கு பயன் என்பது இளைஞர் கட்சி. மியூசியம் தோட்டத்தில் விடியற்காலையில் ஓடுகின்ற எங்களை நடுவர்களாக்கி, தீர்ப்புக் கூறுமாறு செயலாளர் பணித்துள்ளார். நாங்கள் அறிஞர்களும் அல்லர், மருத்துவர்களும் அல்லர். படித்ததையும் பட்டதையும் சொல்கிறோம்.

முதலில் பெயர்களைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். தொடரோட்டம் என்று சொன்னால், கைக்குக் கை கோல் மாற்றி ஓடும் பந்தயம் பிள்ளைகளின் நினைவுக்கு வந்துவிடும். ஆதலால் நிறுத்தாமல் ஒரே சீராக நெடுநேரம் ஓடுவதை இடைவிடா ஓட்டம் என்றும், விரைவும் ஓய்வும் மாறி மாறி வருவதை இடைவெளி ஓட்டம் என்றும் வழங்குவோம்.

வழக்கின் உயிர்நிலை யாது? நாம் ஓடும்போது தசைகள் பிராணவாயுவை வேண்டுகின்றன. நுரையீரல் அதனை வாங்குகிறது, குருதி சுமக்கிறது, இதயம் தள்ளுகிறது. ஒரு நிமிடத்தில் ஓர் உடல் ஏற்றுச் செலவழிக்கக்கூடிய பிராணவாயுவுக்கு ஓர் உச்ச அளவு உண்டு. ஆங்கிலேய அறிஞர் ஏ. வி. ஹில் 1920-களிலேயே ஓடுபவர்களை வைத்து இதனை அளந்து காட்டினார். மாடிப்படி ஏறுவதற்குள் ஒருவருக்கு மூச்சு வாங்குவதும், மற்றொருவர் பேசிக்கொண்டே ஏறுவதும் பெரிதும் இந்த அளவின் வேறுபாட்டால்தான். இந்த உச்சத்தை உயர்த்த வல்லது எவ்வோட்டம் என்பதே கேள்வி.

இடைவெளி ஓட்டத்தை ஒரு முறையாக வகுத்தவர்கள் ஜெர்மனி நாட்டவர்கள். 1930-களில் வால்டெமர் கெர்ஷ்லர் என்னும் பயிற்சியாளரும் ஹெர்பர்ட் ரைண்டல் என்னும் இதய மருத்துவரும் கூடி ஆராய்ந்தனர். வீரனை விரைந்து ஓடவிட்டு, நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 180 அளவுக்கு ஏறியதும் ஓய்வு கொடுப்பர். 90 வினாடிக்குள் துடிப்பு 120-க்கு இறங்கினால் அடுத்த ஓட்டம். இறங்காவிடில் அன்றைய பயிற்சி அத்துடன் முடிந்தது. ஓய்வையும் பயிற்சியின் ஓர் உறுப்பாகக் கொண்டு அதற்கும் அளவு வைத்தார்கள் பாருங்கள், அங்கேதான் அவர்களது நுண்ணறிவு விளங்குகிறது. இன்று கைக்கடிகாரமே நாடியைக் காட்டுகிறது. காட்டியும் என்ன, இறங்கும் வரை பொறுப்பார் சிலரே! கெர்ஷ்லரின் மாணவர் ருடால்ப் ஹார்பிக் 1939-இல் மிலான் நகரில் 800 மீட்டரை 1 நிமிடம் 46.6 வினாடியில் ஓடினார். அந்தச் சாதனையை 1955 வரை ஒருவராலும் முறியடிக்க இயலவில்லை. அடுத்து வந்த செக் நாட்டு எமில் சட்டோபெக், 400 மீட்டர் விரைவும் 200 மீட்டர் மெல்லோட்டமுமாக நாளொன்றுக்குப் பல பத்து முறை ஓடி, 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர், மாரத்தான் மூன்றிலும் பொன் வென்றார்.

இளைஞர் கட்சி வென்றது என்று உலகமே எண்ணியிருந்த அவ்வேளையில், நியூசிலாந்திலிருந்து ஆர்தர் லிடியார்ட் என்பவர் எழுந்தார். செருப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். வீடு வீடாகப் பாலும் கொடுத்தவர். தம் உடம்பிலேயே பல்லாண்டு சோதித்துப் பார்த்து, முதலில் வாரம் 100 மைல் சீராக ஓடு, பிறகு மேட்டில் ஓடு, கடைசிச் சில வாரங்களில் மட்டும் விரைவுக்குப் போ என்று வகுத்தார். பீட்டர் ஸ்னெல் ஓடவேண்டியது இரண்டு நிமிடத்துக்கும் குறைந்த பந்தயம். அவரையும் 22 மைல் மலைப்பாதையில் ஓடச்செய்தார். நகைத்தவர்கள் உண்டு. 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஸ்னெல் 800 மீட்டரிலும், லிடியார்டின் மற்றொரு மாணவர் மரே ஹால்பெர்க் 5,000 மீட்டரிலும் ஒரே நாளில், ஒரு மணி நேரத்துக்குள், பொன் வென்றபோது நகைப்பு அடங்கிற்று. நெடுநேரச் சீரான ஓட்டத்தில் தசைக்குள் குருதி நுண்குழாய்கள் பெருகுகின்றன. எலும்பும் நரம்பும் மூட்டும் மெல்ல மெல்லப் பழகுகின்றன. அவசரத்தில் கிடைக்காத சேமிப்பு அது.

இனி அண்மைக் காலத்துக்கு வருவோம். நார்வே நாட்டு அறிஞர்கள் 2007-இல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்று இவ்வழக்குக்கு நேர்ச்சான்று. 40 ஆடவரை நான்கு குழுவாக்கி, வாரம் மூன்று நாள் வீதம் எட்டு வாரம் ஓடச் செய்தனர். மொத்த உழைப்பு நான்கு குழுவுக்கும் ஏறக்குறைய ஒன்றே. இதயத்தின் உச்சத் துடிப்பில் 70 விழுக்காட்டில் சீராக ஓடிய குழுவுக்கும், 85 விழுக்காட்டில் சீராக ஓடிய குழுவுக்கும் பிராணவாயு ஏற்பு குறிப்பிடத்தக்க அளவு உயரவில்லை. 90 முதல் 95 விழுக்காட்டில் நான்கு நிமிடம் ஓடி, மூன்று நிமிடம் மெல்ல ஓடி, இவ்வாறு நான்கு முறை செய்தவர்களுக்கு 7.2 விழுக்காடு உயர்ந்தது. 15 வினாடி விரைவு, 15 வினாடி மெல்லோட்டம் என்று மாற்றி ஓடிய குழுவுக்கு 5.5 விழுக்காடு. ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளித்தள்ளும் குருதியும் இவ்விரு குழுவினருக்கும் ஏறத்தாழ 10 விழுக்காடு கூடியது.

இளைஞர்கள் கைதட்டுவது கேட்கிறது. சற்றுப் பொறுங்கள். அந்த 40 பேரும் புகைபிடிக்காதவர்கள், நோயற்றவர்கள், ஏற்கெனவே ஓரளவு பயிற்சி பெற்றவர்கள். நம் காலனியில் அத்தகையோர் எத்தனை பேர்?

நண்பர் ஒருவரின் கதையை, அவர் இசைவு பெற்றே, இங்குச் சொல்கிறோம். வயது 47. இருபதாண்டு நாற்காலி உத்தியோகம்; சர்க்கரைக்கு மாத்திரை. மகன் ஓடுவதைப் பார்த்து ஆசைப்பட்டு, ஒரு நாள் எங்களுடன் வந்தார். முதல் நாளே கனகக்குன்று மேட்டில் விரைந்து ஏறி இறங்கத் தொடங்கினார். "அண்ணாச்சி, இன்று நடந்தால் போதும்" என்று ஒருவர் சொன்னார், அழுத்திச் சொல்லவில்லை. நான்காம் முறை ஏறுகையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அமர்ந்துவிட்டார். உடல் முழுதும் குளிர்ந்த வியர்வை. நாங்கள் செய்தது என்ன தெரியுமா? வாயுக்கோளாறு என்று முடிவுகட்டி, சோடா வாங்கிக் கொடுத்து, முதுகைத் தடவிக்கொண்டு அரைமணி நேரத்தை வீணாக்கினோம். இதயக் குருதிக்குழாயில் அடைப்பு என்று மருத்துவமனையில் கண்டு ஸ்டென்ட் வைத்தனர். பிழைத்தார். இதோ இரண்டாம் வரிசையில் அமர்ந்திருக்கிறார். அந்த அரைமணி நேரத்தை எண்ணும்போது இன்றும் எங்களுக்கு உள்ளம் கூசுகிறது.

ஆகவே முதல் மூன்று மாதத்துக்குத் தீர்ப்பு பெரியவர்கள் பக்கமே. நாற்பதைக் கடந்தவரும், சர்க்கரையோ குருதிக்கொதிப்போ உள்ளவரும், குடும்பத்தில் இதயநோய் கண்டவரும் மருத்துவரிடம் காட்டிய பின்னரே விரைவை நினைக்கவேண்டும். நீரிழிவு மிகுந்த மாநிலங்களுள் கேரளமும் ஒன்று என்பதை மறத்தல் ஆகாது. நடையும் மெல்லோட்டமுமாக அரைமணி நேரம். பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடியவேண்டும். பேச்சு அறுந்தால் வேகம் மிகுந்தது என்று பொருள்.

அதன் பிறகு இளைஞர் கட்சிக்கு வழிவிடத்தான் வேண்டும். ஆண்டுக் கணக்கில் அதே சுற்று, அதே வேகம் என்று ஓடிய எங்களில் சிலர், முதற்சில மாதம் கண்ட முன்னேற்றத்துக்கு மேல் ஒரு படியும் ஏறவில்லை. வாரத்தில் ஒரு நாள் நார்வே முறையைக் கைக்கொண்ட பின்னரே மீண்டும் மாற்றம் தெரிந்தது. வாரம் ஒன்று, மிகுந்தால் இரண்டு நாள். அடுத்தடுத்த நாளில் கூடாது. விரைந்து ஓடியதும் சட்டென்று நின்றுவிடாதீர்கள். காலில் குருதி தேங்கித் தலைசுற்றும். மெல்ல நடந்துகொண்டே ஓய்வு கொள்ளுங்கள்.

திருவனந்தபுரத்துக்கென்று ஒரு குறிப்பும் உண்டு. இவ்வூர்க் காற்றில் ஈரம் மிகுதி. வியர்வை வழிகிறதே அன்றி உலர்வதில்லை. உடற்சூட்டைத் தணிக்கத் தோலுக்குக் கூடுதல் குருதியை அனுப்ப வேண்டியிருப்பதால், அதே வேகத்துக்கே இதயம் மிகுதியாகத் துடிக்கிறது. குளிர்நாட்டுப் புத்தகத்தில் உள்ள வேகத்தை இங்கே பங்குனி சித்திரையில் பின்பற்ற முயல்வது வீண். வேகத்தை விட்டு மூச்சைக் கவனியுங்கள். மேடு பள்ளம் மிகுந்த ஊர் இது. பாதையே ஏற்றத்தில் விரைவையும் இறக்கத்தில் ஓய்வையும் தந்துவிடுகிறது.

சிறுவர்களுக்கு இவ்வட்டவணை எதுவும் வேண்டா. கபடியும் கால்பந்தும் ஓடிப்பிடித்து விளையாடுவதும் இயல்பாகவே இடைவெளி ஓட்டங்கள். விசிலும் கடிகாரமுமாக அவர்கள் பின்னே நிற்கும் தந்தையர் தயவுசெய்து வீட்டுக்குப் போகலாம்.

ஓடவே இயலாத முதியோரும், ஓட விரும்பாத தாய்மாரும் இவ்வழக்கில் தமக்குப் பங்கில்லை என்று எண்ணவேண்டா. ஜப்பானில் ஷின்ஷு பல்கலைக்கழகத்தார் சராசரி 63 வயதினரான 246 பேரை ஐந்து மாதம் ஆராய்ந்து, அதனையும் 2007-இல் வெளியிட்டனர். மூன்று நிமிடம் விறுவிறுப்பான நடை, மூன்று நிமிடம் மெல்லிய நடை. இவ்வாறு ஐந்து முறையோ அதற்கு மேலோ, வாரம் நான்கு நாளேனும். இப்படி நடந்தவர்களின் பிராணவாயு ஏற்பு ஏறக்குறைய 9 விழுக்காடு உயர்ந்தது, தொடை வலுவும் கூடியது, குருதியழுத்தமும் தணிந்தது. நாளொன்றுக்கு எண்ணாயிரம் அடி ஒரே சீராக, மிதமான வேகத்தில் நடந்தவர்களுக்கு அத்தகைய பயன் கிட்டவில்லை. ஓட்டத்தில் எழுந்த வழக்கில் பெரும் பரிசு நடப்பவர்களுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது! இதற்குத் திடலும் வேண்டா, விலையுயர்ந்த காலணியும் வேண்டா. நம் காலனித் தெருவே போதும்.

வரும் ஞாயிறு காலை ஐந்தரை மணிக்கு மியூசியம் வாயிலில் நிற்போம். இரண்டாம் வரிசை நண்பரும் வருகிறார். மருத்துவர் வகுத்துக் கொடுத்த அளவோடு நடப்பார். புதிதாக வருபவர்கள் முதலில் அவருடன் நடக்கலாம். நெஞ்சில் இறுக்கம் என்று எவர் சொன்னாலும் இனிச் சோடாக் கடைக்குப் போவதில்லை, நேரே மருத்துவமனைதான் என்று எங்களுக்குள் முடிவு செய்திருக்கிறோம்.